மீன்கொத்திக்குப் பின்னால் மஞ்சள்

பிப்ரவரி 9, திங்கள்

கொக்கு,

அப்படிக் கூப்பிட்டு எழுதுவதால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பழக்கதோஷத்தில் கை எழுதிவிட்டது. பறவைக்காகக் கோரைக்குள் ஒற்றைக் காலில் நிற்கிற தம்பிக்கு வேறு பேர் யோசிக்க இப்போது எனக்குத் தெம்பில்லை.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். மீதியை நான் அழுது முடிக்கிறேன். அதனால்தான் கடிதம். இதையும் பாதியில் வைக்கலாம். ஆனால் மேஜை மேலேயே கிடக்கும், எப்படியும் திரும்ப எடுப்பாய்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீ மாற்றலாகிப் புது ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, என் பெண்ணைக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அன்றைக்கு அங்கே என்ன நடந்தது?

எனக்கு அன்று காய்ச்சல். இல்லாவிட்டால் வழக்கம்போல நானும் வந்திருப்பேன். நீ கேமராவோடு தண்ணீர் ஓரம், நாங்கள் இரண்டு பேரும் டிராயிங் நோட்டோடு மரத்தடிப் பெஞ்சில். எத்தனையோ ஞாயிறு அப்படிப் போயிருக்கிறது. நான் வராத ஒரே ஞாயிறு அது.

அன்றிலிருந்து சில்வண்டு சத்தம் போடுவதில்லை. அந்தப் பேரை வைத்தவனே நீதான். ஐந்து வயசுக்கு இந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று காதைப் பொத்திக்கொள்வாய். இப்போது தாகம் எடுத்தால் வந்து என் கையை இழுத்துக் குடத்தைக் காட்டுகிறாள். பேசினாலும் காற்றுதான் வருகிறது. டிராயிங் நோட்டு எங்கே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள்.

இன்னொன்று. அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தபோது, நெஞ்சிலிருந்து வயிறு வரை பச்சையாகத் தேய்த்த கறை. போகவே இல்லை. புல்லில் உருண்டிருந்தால் முதுகிலும் இருக்கும். இது முன்பக்கம் மட்டும். அதை ஏன் அந்தக் கண்கூசும் மஞ்சளில் வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். எவ்வளவு தூரம் ஓடினாலும் கண்ணில் படட்டும் என்றுதான். "குழந்தைக்கு வாங்கினியா, ரோடு போடறவங்களுக்கு வாங்கினியா" என்று நீகூடக் கேலி செய்தாய்.

அவர், "உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்" என்கிறார். இருக்கட்டும். நீ பதில் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 16, திங்கள்

அக்காவுக்கு,

உன் கடுதாசி வந்ததுல எங்க சைட்டே அமர்க்களப்பட்டுப் போச்சு. இந்தக் காலத்துல சர்வேயருக்குக் கையால எழுதின கவரா, பொண்ணு வீட்டுக்காரங்களான்னு சமையல்காரர்லேர்ந்து டிரைவர் வரைக்கும் கேட்டுட்டாங்க. அக்கான்னு சொன்னா ஒருத்தரும் நம்பலை.

நீ கேட்டதுக்குப் பதில்: ஒண்ணும் நடக்கலை.

விவரமா வேணுமா, இந்தா. காலைல போனப்போ பனி. சில்வண்டை மரத்தடிப் பெஞ்சுல உக்கார வெச்சேன். கலர் பென்சில் டப்பா, தண்ணி பாட்டில், நோட்டு எல்லாம் பக்கத்துலயே வெச்சேன். நான் வழக்கமான இடத்துல, தண்ணி ஓரத்துல ஸ்டாண்டைப் போட்டு நின்னேன். கால்வாய்க்கு நடுவுல நட்டிருக்கே ஒரு பட்ட மூங்கில், அதுமேல மீன்கொத்தி. அதுக்கு அந்தப் பக்கம் மதகு, எதிர்க் கரைல அதைத் திறக்கற சக்கரம். பெஞ்சு எனக்கு நேர் பின்னாடி. நான் அப்பப்போ திரும்பிப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரே ஒரு தடவை சொன்னேன்: "மீன்கொத்தி உக்காந்திருக்கு, சத்தம் போட்டா பறந்துடும், மாமா கூப்பிடற வரைக்கும் மூச்." அவளும் பெரிய மனுஷி மாதிரி வாய்மேல விரலை வெச்சுக்கிட்டா. முடிச்சுட்டுத் திரும்பினப்போ பெஞ்சுலதான் இருந்தா. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அவ்வளவுதான் கதை.

கறை புல்லுதான். குழந்தைன்னா குப்புறவும் படுக்கும்.

சத்தம் போடலைன்னு கவலைப்படற ஒரே அம்மா நீதான். போன வருஷம் இதே பொண்ணு கத்தறான்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனே.

இதோட ஒரு படம் அனுப்பியிருக்கேன், பாரு. அன்னிக்கு எடுத்ததுதான். இங்க நடக்கற இயற்கைப் படக் கண்காட்சிக்கு அனுப்பினேன், எடுத்துக்கிட்டாங்க. 'காத்திருப்பு'ன்னு தலைப்பு குடுத்திருக்கேன். மீன்கொத்தி தலைக்குப் பின்னாடி மெத்துனு மஞ்சளா ஒரு திட்டு தெரியுதுல்ல, அந்தக் கரைல ஏதோ பூ போல. நான் திட்டம் போட்டு வெச்சதில்லை, தானா அமைஞ்சுது. தேர்வு பண்ணினவரே அந்த மஞ்சளைத்தான் தனியாச் சொல்லிப் பாராட்டினாராம்.

முக்கியமான விஷயம். மார்ச் கடைசில அவளுக்கு லீவு விடறாங்கல்ல, இங்க அனுப்பு. குவார்ட்டர்ஸுக்குப் பின்னாடி குளம், குளம் நிறைய நாரை. அவ வரையட்டும், நான் எடுக்கறேன். அத்தான்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டார். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.

தம்பி

*

பிப்ரவரி 21, சனி

தம்பிக்கு,

என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவரிடம் பேசி முடித்துவிட்டாய். ரயில் டிக்கெட்டும் போட்டுவிட்டார். உன் படத்துக்குச் சட்டம் போட்டு, டிவிக்கு மேலே ஆணி அடித்து மாட்டியும் விட்டார். வருகிறவர்களிடமெல்லாம் "மச்சான் எடுத்தது" என்று காட்டுகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்த பிறகு சில்வண்டைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாளாம். சறுக்குமரத்தின் பக்கவாட்டில் விழுந்து மோவாய் கிழிந்து, சட்டை முழுக்க ரத்தம். கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. ஒருவரையும் கூப்பிடவில்லை. டீச்சர் எதிரே போய் நின்றபோதுகூடச் சத்தம் இல்லை.

"ரொம்பத் தைரியமான பொண்ணுங்க" என்றார் டீச்சர்.

தையல் போடும்போதும் அப்படித்தான். கண்ணிலிருந்து கொட்டுகிறது, வாயிலிருந்து ஒன்றும் இல்லை. டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இந்த வீட்டில் குழந்தையை அடித்து வாயை மூட வைக்கிறார்களோ என்கிற மாதிரி.

இப்போது சொல். விழுந்தாலும் கூப்பிடாத குழந்தையை நான் எந்த நம்பிக்கையில் குளத்தங்கரைக்கு அனுப்புவது? பின்கட்டில் துணி காயப்போடக்கூட அவளை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. நான் வரைந்து தர வேண்டிய பாடப்புத்தகப் படங்கள் பாதியில் கிடக்கின்றன. ஒரு பூவின் குறுக்குவெட்டு வரைய உட்கார்ந்தால் மூன்று தரம் எழுந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீ எதையோ மறைக்கிறாய். திட்டினாயா? பயமுறுத்தினாயா? மதகுப் பக்கம் போனாளா? அந்தக் கறையை முகர்ந்து பார்த்தேன், புல் வாசனை இல்லை. பாசி வாசனை.

என்ன நடந்திருந்தாலும் சொல்லிவிடு. கோபித்துக்கொள்வேன், பேசாமல் இருப்பேன், பிறகு சரியாகிவிடுவேன். தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 26, வியாழன்

அக்கா,

மோவாய் எப்படி இருக்குன்னு அத்தானுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். ஆறிட்டு வருதுன்னார்.

நான் எதையும் மறைக்கலை. இதை எத்தனை தடவை எழுதணும்னு சொல்லு, எழுதறேன்.

மதகுப் பக்கம் போனாளான்னு கேக்கறே. அந்தப் பக்கம் போக மதகுச் சுவர் ஒண்ணுதான் வழி. ஒரு முழம்கூட அகலம் கிடையாது, மேல பூராப் பாசி, கீழ இழுக்கற தண்ணி. கால்வாய் ஆளுங்களே கயிறைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவாங்க. அதுமேல அஞ்சு வயசுக் குழந்தை நடந்துச்சுன்னு நினைக்க உன்னாலதான் முடியும்.

பிறந்ததுலேர்ந்து அவளைத் தூக்கிட்டுத் திரிஞ்சவன் நான். திட்டினாயா, பயமுறுத்தினாயான்னு போலீஸ்காரன் மாதிரி கேட்டிருக்கே. உன் பயத்துக்கு ஒரு காரணம் வேணும். வெளியில கிடைக்கலைன்னா நீயே ஒண்ணு வரைஞ்சுக்குவே, அதுதானே உன் தொழில்.

அனுப்ப இஷ்டமில்லைன்னா அனுப்பாதே. அதுக்காக என்னைப் பொய்யனாக்காதே. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

*

மார்ச் 3, செவ்வாய்

தம்பி,

கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருந்தாய். சரி.

டிராயிங் நோட்டு கிடைத்துவிட்டது. துணி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் அன்றைய படம். ஒரு தாளை மேலே வைத்து அப்படியே நகலெடுத்து அனுப்புகிறேன். நோட்டை அனுப்ப மனசில்லை.

நீ சர்வேயர். எங்கே நின்றால் எது தெரியும், எது மறையும் என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பெண் கற்பனையில் வரைகிறவள் இல்லை என்பதும் உனக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதைத்தான் வரைய வேண்டும் என்று நான் பழக்கியிருக்கிறேன். "நாற்காலிக்கு ஏன் மூணு கால்?" என்று நீ கேட்டபோது, "நாலாவது இங்கேர்ந்து தெரியலை மாமா" என்று சொன்னவள் அவள்.

இப்போது படத்தைப் பார். நடுவில் மூங்கில். அதன்மேல் மீன்கொத்தி, முழுக்க நீலம். முதலில் வெள்ளை மார்பை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அது பறவையின் முதுகு. சுவரில் தொங்கும் உன் படத்தில் அதே பறவையின் மார்பு தெரிகிறது.

மூங்கிலுக்குப் பின்னால் மூன்று கால் ஸ்டாண்டு. அதற்குமேல் ஒரு பெரிய கறுப்பு வட்டம். வட்டத்துக்குப் பின்னால் ஒரு ஆள், ஒரு கண் மூடியிருக்கிறது. அது நீ. பெஞ்சில் இருக்கிறவளுக்கு உன் முதுகுதான் தெரியும், உன் முகம் எப்படித் தெரிந்தது?

உனக்குப் பின்னால் மரம். மரத்தடியில் பெஞ்சு. பெஞ்சின்மேல் பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில்.

பெஞ்சில் யாரும் இல்லை.

இதற்குமேல் அவளிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. மடியில் உட்கார வைத்து, நோட்டைக் காட்டி, "எங்கே உக்காந்து வரைஞ்சே?" என்றேன்.

"அந்தப் பக்கம். சக்கரம் இருக்குல்ல, அங்க."

"ஏன்டி அங்க போனே?"

"பெஞ்சிலேர்ந்து மீன்கொத்தி தெரியலை. மாமா மறைச்சுது."

"எப்படித் திரும்பி வந்தே?"

"பாப்பா மாதிரி. தவழ்ந்து."

அவளை இன்னும் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். "பயமா இருந்திருக்குமே, மாமாவைக் கூப்பிட வேண்டியதுதானே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "மீன்கொத்தி போயிடும்ல" என்றாள்.

பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்தும் சொல்லாமல் மறைத்தாயா, அல்லது பார்க்கவே இல்லையா? எது என்று மட்டும் எழுது. எதுவாக இருந்தால் எனக்குத் தாங்கும் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா

*

மார்ச் 8, ஞாயிறு

அக்கா,

பாக்கலை.

உன் கவர் வந்ததும் மொதல்ல கோபம்தான் வந்துச்சு. நகலை எடுத்துக் கட்டில்மேல போட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன். சைட்டுல கருவியை வெச்சு ஒரு கண்ணை மூடினேன். அப்படியே நின்னுட்டேன். அந்தப் பக்கம் கொடி பிடிச்சு நிக்கற ஆள் மூணு தடவை கை காட்டிட்டு, "சார், தூங்கிட்டீங்களா"ன்னு கத்தறான்.

ரூமுக்கு வந்து அன்னிக்கு எடுத்தது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு, வரிசையா, ஒண்ணு விடாமப் பாத்தேன்.

மொதல்ல வர்ற படங்கள்ல பறவைக்குப் பின்னாடி வெறும் சாம்பல் பச்சைதான். அப்புறம் ஓரத்துல ஒரு மஞ்சள் பொட்டு. அடுத்ததுல அது உள்ள வந்திருக்கு. சுவர் உயரத்துல இருக்கு. அப்புறம் நீளவாக்குல ஆயிடுது. படுத்த மாதிரி. நாலு கால்ல போற மாதிரி. லென்ஸை மீன்கொத்தி கண்ணுக்கு வெச்சிருந்தேன், அதனால மத்ததெல்லாம் கரைஞ்சு போயிருக்கு. முகம் கிடையாது, கை கால் கிடையாது, மஞ்சள் மட்டும்தான். ஆனா தெரிஞ்சப்புறம் வேற எதுவுமே தெரியலை.

நடுச்சுவர்ல அது நிக்குது, அக்கா. நிறைய படத்துல அங்கேயே நிக்குது. நகரவே இல்லை. அந்த நேரம்தான் வெயில் வந்து பறவை மேல விழுந்துச்சு. நான் விடாம அமுக்கிக்கிட்டே இருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தேன், "அசையாதே, அசையாதே, அப்படியே இரு"ன்னு. மீன்கொத்தியைப் பாத்து.

கண்காட்சிக்குப் போனது அதுல ஒண்ணு. உங்க வீட்ல டிவிக்கு மேல தொங்கறதும் அதுதான். பூன்னு எழுதினேன்.

கடைசிப் படங்கள்ல மஞ்சள் அந்தக் கரைல, சக்கரத்துக்குப் பக்கத்துல, வட்டமா உக்காந்திருக்கு. அங்கதான் அவ என்னை வரைஞ்சிருக்கா. ரெண்டு பேரும் நேருக்கு நேரா இருந்திருக்கோம். அவ என் மூடின கண்ணைக்கூட வரைஞ்சிருக்கா.

அவ திரும்பி வந்தது என்கிட்ட இல்லை. பறவை பறந்துடுச்சு. நான் குனிஞ்சு, எடுத்த படங்களைக் கேமராவுல பாத்துக்கிட்டிருந்திருக்கேன். தலையைத் தூக்கித் திரும்பினப்போ பெஞ்சுல இருந்தா. அப்பப்போ திரும்பிப் பாத்தேன்னு எழுதினேன்ல, அது பொய்னு தெரிஞ்சு எழுதினதில்லை. பாத்தேன்னுதான் நம்பிக்கிட்டிருந்தேன். பாத்திருந்தா காலி பெஞ்சு தெரிஞ்சிருக்கும்.

கண்காட்சிக்காரங்களுக்குப் போன் பண்ணி, படத்தை எடுத்துடச் சொல்லிட்டேன். இங்க இருக்கறதையும் அழிக்கப் போறேன். அழிக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு.

லீவுக்கு அவளை அனுப்பாதே.

தம்பி

*

மார்ச் 12, வியாழன்

தம்பி,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். பிறகு அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போய், சுவரிலிருந்து படத்தைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ரயில் டிக்கெட்டை ரத்து செய்தார். ஆணி மட்டும் அங்கேயே இருக்கிறது.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். துணி மடிக்கும்போது, காய் நறுக்கும்போது, நினைத்த மாத்திரத்தில் அந்தச் சுவர் வந்து நிற்கிறது. நடுவில் மஞ்சள். என் கற்பனையில் அவள் ஒவ்வொரு தரமும் விழுகிறாள். அப்போதெல்லாம் நீ கையில் கிடைத்தால் அறைந்துவிடுவேன் என்று தோன்றும்.

நீ மறைக்கிறாய் என்று இத்தனை நாள் நம்பினேன். மறைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ மறைக்கவில்லை. அன்பான மாமா, கவனமான ஆள், அங்கேயே இருந்தாய், அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்படியும் தெரியவில்லை. இனிமேல் நான் யாரை நம்பி எங்கே அனுப்புவது?

ஆனால் அவள் ஏன் எழுந்து போனாள் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். "தெரியாததை வரையாதே. தெரியலைன்னா எழுந்து, தெரியற இடத்துல போய் உக்காரு." இதைச் சொல்லிக்கொடுத்தது நீ இல்லை. அவள் சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறாள். என் பேச்சைக் கேட்டு அந்தப் பக்கம் போனாள், உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டாள். இவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிற குழந்தை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

படங்களை அழிக்காதே. ஒன்றுகூட. எனக்கு வேண்டும். எதற்கு என்று கேட்காதே, தெரியாது.

வருகிற 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா. கேமரா வேண்டாம். மூன்று பேரும் கால்வாய்க்குப் போவோம். அவளைக் கத்தச் சொல். மீன்கொத்தி இருந்தாலும் கத்தலாம், பறந்தால் பறக்கட்டும் என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். நான் தினமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறாள். மூச் என்று சொன்னது நீ. மாமா கூப்பிடுகிற வரைக்கும் என்று சொன்னதாக நீயே எழுதியிருந்தாய். நீ இன்னும் கூப்பிடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ.

அக்கா

*

மார்ச் 25, புதன்

அக்கா,

வந்து சேர்ந்துட்டேன். பஸ் ஏத்திவிட வந்தப்போ உன்கிட்ட ஒண்ணும் பேச முடியலை, அதான் எழுதறேன்.

நீ பெஞ்சுலேயே உக்காந்திருந்தே, அதனால நாங்க பேசினது உனக்குக் கேட்டிருக்காது. தண்ணி ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். என் ரெண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டா. அதே மூங்கில், அதே மீன்கொத்தி, அதுக்கென்ன தெரியும். முட்டி போட்டு உக்காந்து, "மாமா அன்னிக்குச் சொன்னது தப்பு. பயமா இருந்தா, விழுந்தா, என்ன வேணும்னாலும் கத்தணும். இப்பக் கத்து, அது பறந்தா பறக்கட்டும்"னு சொன்னேன். கத்திக்காட்டக்கூடச் செஞ்சேன். அது பறக்கலை, கழுதை. என்னைத் திரும்பிப் பாத்துட்டு உக்காந்திருந்துச்சு.

அவ சிரிக்கலை. பறவையையே பாத்துக்கிட்டிருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு அது தானா பறந்து போச்சு. நாங்க ரெண்டு பேரும் சும்மாத்தான் நின்னுக்கிட்டிருந்தோம். அவ சட்டுனு என் முகத்தைப் பாத்தா. பயந்து போன முகம். காதுகிட்ட வந்து, "நான் சத்தம் போடலை மாமா"ன்னா.

உன்கிட்ட அங்கயே சொல்லத் தைரியம் வரலை.

ராத்திரி சாப்பிடறப்போ அவளே வந்து என் மடில உக்காந்தா, அதை நீ பாத்தே. எனக்குச் சோறு இறங்கலை.

நீ கேட்ட படங்களை ஒரு பென் டிரைவ்ல போட்டு இதோட அனுப்பியிருக்கேன். கேமராவைப் பொட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். சைட்டுல கருவியைப் பாக்கறப்போகூட இப்பல்லாம் ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுக்கறேன். அளவு தப்பு தப்பா வருதுன்னு மேல இருக்கறவர் திட்டறார்.

தம்பி

*

ஏப்ரல் 1, புதன்

கொக்கு,

இந்தத் தரம் யோசித்துத்தான் அப்படி எழுதினேன்.

பூட்டின கேமராவைத் திற. அளவெடுக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள், வேலை போய்விட்டால் அதற்கும் நான்தான் கவலைப்பட வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் எனக்கு என்ன லாபம்? வருகிற ஞாயிற்றுக்கிழமை வா, கேமராவோடு வா. நான் பெஞ்சில் உட்காரமாட்டேன், உனக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓரத்தில் உட்காருவேன். அவள் நம் இருவருக்கும் முன்னால், நான் நினைத்தால் சட்டையைப் பிடிக்கிற தூரத்தில். அப்போது உன் முதுகும் யாருக்கும் எதையும் மறைக்காது. உன்னோடு தனியாக அனுப்பமாட்டேன். இப்போதைக்கு இல்லை. எப்போது என்று கேட்காதே, நாள் குறிக்க எனக்குத் தெரியாது. நீ கோபித்துக்கொண்டாலும் இதுதான்.

படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றையும். அவர் வேண்டாம் என்றார், பார்த்தேன். மஞ்சள் நடுவில் நிற்கிற இடத்தில் ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தேன். அதற்கு அடுத்த படத்தில் அது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நீ அதைப் பற்றி எழுதவில்லை. அவ்வளவு நேரம் நின்றவள், யாரும் கூப்பிடாமல், யாரும் கை நீட்டாமல், தானாகவே நகர்ந்திருக்கிறாள். அந்த ஒரு படத்தை மட்டும் பிரிண்ட் போட்டு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

எழுத வந்தது இது இல்லை.

இன்று காலை சில்வண்டு குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்து விட்டு, துண்டு எடுக்க அறைக்குப் போனேன். போகிற போதே காதைத் தீட்டிக்கொண்டுதான் போனேன், இப்போதெல்லாம் அப்படித்தான் நடமாடுகிறேன். பீரோவைத் திறந்திருப்பேன், வீடே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம்.

"அம்மா, சோப்பு. கண்ணுல சோப்பு."

துண்டை எடுக்கவில்லை. ஓடினேன். ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். நீ நம்பமாட்டாய், உள்ளே போகாமல் நின்றேன். பெற்ற பெண்ணுக்குக் கண் எரிகிறது, நான் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குள் இரண்டாவது சத்தம், முதலாவதைவிடப் பலமாக: "அம்மா, எங்க போயிட்டே, எரியுது, சீக்கிரம் வா."

இங்கேதான்டி இருக்கேன் என்று உள்ளே போய்க் கண்ணைக் கழுவிவிட்டேன். எனக்கும் கண் எரிந்தது, அதையும் கழுவிக்கொண்டேன். அவள் அதற்குள் அழுகையை நிறுத்திவிட்டு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று முறைத்தாள்.

பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து, "என்னாச்சு, குழந்தை இப்படிக் கத்துது?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, குளிக்கிறாள் என்றேன்.

அக்கா